கடைசி வரிசைக்காரர்

கையெழுத்துக்காக ரசிகர்கள் முண்டியடிக்க, உலகமே கொண்டாடும் அந்த ராக் கிதார்க்காரர் கச்சேரி முடிந்ததும் நேராக, மகளோடு ஓரமாக நின்ற ஒரு பெரியவரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“உங்கப்பாவாலதாம்மா இன்னைக்கு நான் இங்க நிக்கிறேன்,” என்றார் கிதார்க்காரர். “என் முதல் கச்சேரியில வெறும் ப்ளூஸ்தான் வாசிச்சேன். அழுமூஞ்சிப் பாட்டுன்னு எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. கடைசி வரிசையில இவர் மட்டும் உக்காந்திருந்தார். அந்த ஒருத்தருக்காக முழுசா வாசிச்சேன். அன்னையிலேருந்து இந்த ஊர்ல ஒரு கச்சேரி விடாம வர்றார்.”

பெரியவர் நெளிந்தார். நாற்பது வருஷமாக மென்று விழுங்கிய விஷயம் ஒன்று இருந்தது.

“மன்னிச்சிடுங்க தம்பி. நான் அப்போ அந்த ஹால் வாட்ச்மேன். நீங்க முடிச்சாத்தானே பூட்டிட்டு வீட்டுக்குப் போக முடியும்?”

“அப்பா, இதைப் போய் இங்க சொல்லணுமா?” என்று மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கிதார்க்காரர் சிரித்தார். “அது அன்னைக்கே தெரியும் ஐயா. சாவிக்கொத்தைக் குலுக்கிக்கிட்டேதானே இருந்தீங்க. மூணாவது பாட்டுல அந்தச் சத்தம் நின்னுபோச்சு. எனக்குக் கிடைச்ச முதல் கைதட்டல் அதுதான்.”