வெண்டைக்காய்ப் பூக்கள்

காம்பை வெட்டிய வெண்டைக்காயைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து, சுகன்யா வெள்ளைத் தாளில் அழுத்தி எடுத்தாள்.

ஐந்து இதழோடு ஒரு பூ விழுந்தது.

"பாருடி, பூ! நீ ஒண்ணு வையி. அம்மாவுக்கு ஒரே ஒரு பூ."

இரண்டரை வயது சுவேதா பூவைப் பார்த்தாள். வெண்டைக்காயை வாங்கிக்கொண்டாள். பிறகு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அவன் வெள்ளைச் சட்டையில் அச்சு வைக்க ஆரம்பித்தாள்.

"கோயிலுக்குப் போட்டுக்கினு போன சட்டைடி இது," டேனியல் நெளிந்தான். "அடுத்த ஞாயித்துக்கெழம சாமியார் என்னத்தான் பாப்பாரு, பைபிளப் பாக்க மாட்டாரு."

சுகன்யா சிரித்தாள். சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

ஊசுட்டேரிக் கரை முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். படகுக்கு நிற்பவர்கள், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய், சுண்டல் வாசனை. இவர்கள் புளியமர நிழலில் போர்வை விரித்திருந்தார்கள்.

சாயங்காலம் காட்டேரிக்குப்பத்து வீட்டுக்குக் கார் வந்துவிடும். இரவு சென்னையில் விமானம். குவைத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை. ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் பாக்கி.

மகளுக்குப் பல் முளைக்கும் முன்பே போனவள், இப்போதுதான் முதல் முறையாக ஒரு மாத விடுப்பில் வந்திருந்தாள்.

அந்த ஒரு மாதத்தில் சுவேதா ஒரு முறைகூடத் தானாக அவளிடம் வரவில்லை.

சுகன்யா பெரிதாக எதையும் கேட்கவில்லை. கார் வருவதற்குள் ஒரே ஒரு தடவை மடியில் வந்து உட்கார்ந்தால் போதும். அந்தக் கனத்தை நினைத்துக்கொண்டே வருடத்தை ஓட்டிவிடுவாள்.

எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. வில்லியனூர்த் தேரடியில் பொம்மை. சுண்ணாம்பாற்றில் படகு. கடற்கரையில் மணல் வீடு. இந்த அச்சு விளையாட்டு, குவைத்தில் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அவள் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பிள்ளை இவள் மடியை விட்டு இறங்காமல் தாள் தாளாகப் பூ வைக்கும்.

சொந்த மகள் இவளை 'அத்தை' என்றாள். வீட்டுக்கு வரும் பெண்களெல்லாம் அவளுக்கு அத்தைதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ராத்திரிச் சோற்று வேளையைத்தான் தாங்க முடியவில்லை. "அம்மா வேணும், அம்மா வேணும்" என்று குழந்தை அழும். சுகன்யா தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு இன்னும் உரக்க அழும்.

"நான்தான்டி அம்மா," என்று இவளும் அழுவாள்.

சுகன்யா தன் உள்ளங்கையில் மஞ்சள் சாயத்தைப் பூசினாள். தாளில் பதித்தாள். அந்தக் கையச்சுக்குள் ஒரு சின்னக் கை பதிந்தால் தாளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகலாம்.

குழந்தையின் கையைப் பிடித்ததுதான் தாமதம், சுவேதா வீறிட்டாள்.

மாங்காய் தின்றுகொண்டு போன ஒரு பெண் நின்றாள். "யார் வூட்டுக் கொழந்தமா அது? ஏன் இந்தப் புடி புடிக்கிற?"

சுகன்யாவின் பிடி தளர்ந்தது.

"நீ போய் பஞ்சு மிட்டாய் வாங்கினு வா," டேனியல் மெதுவாகச் சொன்னான். "கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

அவள் கரையோடு நடந்து மிட்டாய்க்காரனிடம் போனாள். சிவப்பும் இருந்தது, மஞ்சளும் இருந்தது. மகளுக்கு எது பிடிக்கும் என்று தெரியவில்லை.

கணவனைக் கேட்கலாமென்று போனை எடுத்தாள். பழக்கத்தில் விரல் வீடியோவை அழுத்திவிட்டது.

திரையில் டேனியலின் தோள் தெரிந்தது.

"அம்மா!"

சுவேதா அப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். கண்ணீர் காயாத முகம் திரை முழுக்க வந்தது. சிவப்புச் சாயம் ஒட்டிய உதடு கண்ணாடியில் அழுந்தியது.

"அம்மா, எங்கம்மா போன? ஏன் வர்ல நீ?"

சுகன்யாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

குவைத்தில் இருந்த நாளெல்லாம், ராத்திரிச் சோற்று வேளைக்குத் தவறாமல் வீடியோவில் கூப்பிடுவாள். டேனியல் போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, "அம்மா பாரு, ஆ காட்டு" என்று ஊட்டுவான். ஊருக்கு வந்த பிறகு அவள் கூப்பிடவில்லை. நேரிலேயே இருக்கும்போது எதற்கு?

குழந்தைக்கு அம்மா காணாமல் போய் ஒரு மாதம் ஆகிறது.

தூரத்தில் டேனியல் எழுந்து நின்று, வா வா என்று கையை ஆட்டினான்.

ஓடத்தான் நினைத்தாள். ஓர் அடி வைத்தாள். கிட்டே போனால் அத்தையாகிவிடுவாள்.

சட்டென்று ஒரு பனைமரத்தின் பின்னால் மறைந்து நின்றாள். போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். அழக் கூடாது, படம் ஆடக் கூடாது.

சுவேதா சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, ரகசியம்போலச் சொன்னாள்:

"அம்மா... அத்த நம்ம வூட்லயே கீது. போவச் சொல்லு. நீ வா."

டேனியலின் கை போனைப் பிடுங்க வந்தது. சுகன்யா வேண்டாமென்று தலையாட்டினாள்.

"சொல்றேன்டி தங்கம்," என்றாள். "அத்த இன்னிக்கே போயிடும். நாளைக்கு ராத்திரி அம்மா வந்துடறேன்."