படபடப்புக்கு ஒரு கைமருந்து

"விடியக் கோப்பி குடிச்சனீங்களோ, தம்பி?" என்று கேட்டாள் செலீன்.

சாரதிப் பரீட்சை மைதானத்தில், மர நிழலில் கிடந்த வாங்குப் பலகையில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த மனிதர் நெஞ்சைப் பிடித்தபடி தலையாட்டினார். இரண்டு கோப்பையாம். இரவு நித்திரையும் இல்லையாம். இதயம் திடீர் திடீரென்று குதித்து ஓடுகிறதாம்.

"நெஞ்சு நோகுதோ? தலை சுத்துதோ?"

"இல்லை அக்கா. படபடப்பு மட்டுந்தான்."

"நோவோ மயக்கமோ வந்தா உடன ஆஸ்பத்திரிக்குப் போயிரோணும். இது பயத்தில வாறது போலத்தான் கிடக்கு."

செலீனுக்கு இது பழகிய வருத்தம். கணவர் கிளறன்ஸின் கண்பார்வை மங்கி, கொட்டாஞ்சேனை வீட்டுக் காரை இனி அவள்தான் ஓட்ட வேண்டும் என்று ஆன நாளிலிருந்து அவளுக்கும் இதே படபடப்பு. டொக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் பிழை ஒன்றும் இல்லை, கோப்பியைக் குறைத்து நன்றாக நித்திரை கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். போன முறை பரீட்சையில் தவறிய பிறகு அது இன்னும் கூடிப்போயிற்று. இன்றைக்கும் தவறினால் காரை விற்றுவிடுவதாகக் கிளறன்ஸ் சொல்லியிருந்தார்.

தன் போத்தல் தண்ணீரைக் கொடுத்து, பக்கத்தில் இருந்தவரை முகம் கழுவ வைத்தாள். மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லி, தானும் அவரோடு சேர்ந்து மூச்சு விட்டாள். எதிரே நின்ற டிரைவிங் ஸ்கூல்காரர் இருவரையும் ஒரு மாதிரிப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்தவரின் முகம் தெளிந்தது. செலீனின் படபடப்பும் அடங்கியிருந்தது. பரீட்சிப்பவரும் நம்மைப் போல மனிசர்தானே, சிரித்த முகத்தோடு காரில் ஏறுங்கள் என்று அவருக்குத் தைரியமும் சொன்னாள்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு காரில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்தாள். இடப்பக்கக் கதவு திறந்தது. கையில் பைலோடு அதே மனிதர் ஏறி, பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"நீங்களோ பரீட்சகர்?" செலீன் கண்ணாடியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஓம் அக்கா." அவர் மூச்சை மெதுவாக விட்டார். "செலீன் எண்ட ஆளோட நீர்தான் போகோணும் எண்டு நேற்றுச் சொன்னவை. அதோட என்ர நித்திரை போச்சு. போன முறை உங்களோட வந்தவர் இன்னும் லீவிலதான் நிக்கிறார்."