கோரைக் கிழங்கு

"ஏ ஜெசிந்தா! யாரு உன்னைத் தோண்டச் சொன்னது? மேலால அறுத்துப் போட்டுக்கினு போ!"

கோதண்டபாணி போட்ட சத்தத்தில், ரிசார்ட் புல்தரையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஆறு பெண்களும் நிமிர்ந்தார்கள்.

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. கோரையைக் கிழங்கோடு எடுக்காமல் மேலே மட்டும் அறுத்தால் பத்தே நாளில் திரும்ப முளைக்கும். இரும்பை ஊரில் இது தெரியாத ஆளே கிடையாது.

கோதண்டபாணிக்குத் தெரியாதா என்ன? நாலு வருஷம் முன்னால் இந்த இடமே அவர் வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லைதான். இதே ஆறு பேர்தான் களை எடுத்தார்கள். ஒரு கிழங்கு மண்ணில் தங்கினாலும் மனுஷன் குதிப்பார்.

பிறகு நிலத்தை ரிசார்ட்டுக்கு விற்றார். ஆறு பேருக்கும் வேலை போயிற்று. அவர் மட்டும் இங்கேயே தோட்ட சூப்பர்வைசர் ஆகிவிட்டார். புல்தரையில் கோரை தலைகாட்டிய பிறகுதான் இவர்களைத் தினக்கூலிக்குக் கூப்பிட்டார்கள்.

"சொந்தக் கொல்லைன்னா ஒரு நியாயம், அடுத்தவன் எடம்னா ஒரு நியாயம். நல்லா இருக்குதுக்கா" என்று பக்கத்திலிருந்த குப்பம்மாளிடம் முணுமுணுத்தாள் ஜெசிந்தா.

"உனுக்கு எதுக்குடி வம்பு? சொன்னதைச் செய்யி."

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார்.

"என்ன கோதண்டபாணி, போன மாசம்தானே களை எடுத்தீங்க? மறுபடியும் இப்படி மண்டிக் கிடக்கு?"

ஜெசிந்தா கையில் கிழங்கோடு எழுந்தாள். கோதண்டபாணி முந்திக்கொண்டார்.

"இந்த மண்ணு வாகு அப்பிடி சார். எத்தினி வாட்டி எடுத்தாலும் வந்துகினே இருக்கும்."

"விவசாயம் தெரிஞ்ச ஆளுன்னு உங்களைப் போட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

எல்லோர் எதிரிலும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார் கோதண்டபாணி. மேனேஜர் போய்விட்டார்.

ஜெசிந்தாவால் பொறுக்க முடியவில்லை.

"என்னாங்கய்யா, இப்பிடிப் பச்சையா பொய் சொல்றீங்க? கெழங்கோட எடுத்தா ஒரே வாரத்துல சுத்தமாயிடுமே!"

"ஆயிடும். அப்புறம் உங்க ஆறு பேருக்கும் இங்க என்னா வேலை?"

ஜெசிந்தா கையிலிருந்த கிழங்கைப் பார்த்தாள்.

"கொல்லைய வித்து ஒருவாட்டி உங்க பொழப்பைக் கெடுத்தேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "இன்னொரு வாட்டியும் நானே கெடுக்கணுமா?"