ஐந்தாவது ஒத்திகை

“சார், உங்ககிட்ட ஒரு நிமிஷம் தனியாப் பேசணும்.”

பயிற்சியாளர் தலையை நிமிர்த்தவில்லை. படிவத்தில் டிக் அடித்துக்கொண்டே கேட்டார்.

“எதுக்கு?”

“இங்க வேணாம் சார். கொஞ்சம் வெளில வந்தீங்கன்னா...”

காலையிலிருந்து இது மூன்றாவது முயற்சி. முதல் இரண்டு தடவையும் ‘அப்புறம், அப்புறம்’ என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

“அக்கா ஐஸ் வைக்கக் கிளம்பிட்டாங்கடா,” என்று பின்வரிசையில் ஒரு குரல் முணுமுணுத்தது.

நடந்துகொண்டிருந்தது தேர்வு. லாரி, பஸ், கிரேன் ஓட்டுகிறவர்கள் போதைப்பொருள் எடுத்திருக்கிறார்களா என்று கம்பெனிகள் சோதிக்கும். அவர்களிடம் சிறுநீர் மாதிரி வாங்கி, சீல் வைத்து, லேபுக்கு அனுப்புகிற வேலைக்கான சான்றிதழ் இது. ஐந்து ஒத்திகை. ஐந்தும் தொடர்ச்சியாகப் பிழையில்லாமல் வரவேண்டும். ஒன்றில் சறுக்கினாலும் மூன்று மாதம் கழித்து, அடுத்த வகுப்பில், மறுபடி முதலிலிருந்து.

மற்ற ஆறு பேரும் தேறிவிட்டார்கள். அக்காதான் கடைசி. நான்கை முடித்துவிட்டாள்.

அக்கா அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவள். காலையில் வகுப்பறையைப் பெருக்கிவிட்டு, கை கழுவிக்கொண்டு, அதே அறையில் மாணவியாக உட்காருவாள். மாடியில் மாதிரி சேகரிக்க ஓர் ஆள் தேவை. தேறியவர்கள் பட்டியல் இன்று சாயங்காலம் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. அக்காவின் மகள் தன் பள்ளிப் படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். இன்று ராத்திரி நிரப்பிக்கலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

பயிற்சியாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘நாலு நிமிஷம்’. மாதிரி கைக்கு வந்து நாலு நிமிஷத்துக்குள் அதன் சூட்டைப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். ‘தேதியைப் படிக்காம எதையும் தொடாதீங்க’ என்று ஐம்பது தடவை. விதியில் மயிரிழை பிசகமாட்டார். அதில் மனுஷருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

“தனியாப் பேசற பழக்கமே எனக்குக் கிடையாதும்மா,” என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. “போன தடவையும் ஒருத்தர் இப்படித்தான் தனியாப் பேசணும்னு வந்தாரு, சிபாரிசுக் கடுதாசியோட. எதுவா இருந்தாலும் இங்கேயே, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

அக்கா அவர் தலைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாள். மணி பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். பிறகு அவள் அந்த ஆறு பேரையும் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல சார்.”

“அப்ப ஆரம்பிங்க.”

ஆறு பேரில் ஒருவர் டிரைவராக நடித்தார். அக்கா அவர் பாக்கெட்டைக் காலி செய்யச் சொன்னாள், கை கழுவச் சொன்னாள், கோப்பையைக் கொடுத்தாள். வந்தது சாயம் கலந்த வெந்நீர். சூடு பார்த்தாள், குறித்தாள், இரண்டு பாட்டிலில் ஊற்றினாள். எல்லாம் சரி. கண் மட்டும் இரண்டு தரம் அந்தச் சுவருக்குப் போய்வந்தது.

சீல் ஸ்டிக்கரை எடுத்து டிரைவரிடம் நீட்டினாள். “இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே.”

“நிறுத்துங்க!”

அவள் கை அப்படியே நின்றது.

“சீலைப் பாட்டில்ல ஒட்டின பிறகுதானே கையெழுத்து? கையெழுத்துப் போட்ட சீல் தனியாக் கிடந்தா அதை யாரு பாட்டில்ல வேணாலும் ஒட்டலாமே. ஒருத்தன் பொழப்பே போயிடும்மா!”

“தெரியும் சார். ஏதோ நினைப்புல...”

“நினைப்பு வேற எங்கேயோ இருந்தா இந்த வேலைக்கு வரக்கூடாது. அடுத்த வகுப்புல ஒண்ணுலேருந்து ஆரம்பிங்க.”

கெஞ்சுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரைப் பழக்க தோஷத்தில் துடைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலரை மணிக்கு அலுவலகப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“சார், பட்டியலோட உங்க பயிற்சியாளர் சான்றிதழ் நகலும் அனுப்பணுமாம்.”

“தாராளமா.”

கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினார். பொட்டுத் தூசி இல்லை. அடியில் சின்ன எழுத்தில், செல்லுபடியாகும் கடைசித் தேதி.

முடிந்து நாலு நாளாகியிருந்தது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இன்று அவர் போட்ட கையெழுத்து ஒன்றுகூடச் செல்லாது. அக்கா தவறிவிட்டாள் என்று எழுதியதும் செல்லாது. காலையிலேயே தெரிந்திருந்தால் வேறு பயிற்சியாளரை வரவழைத்துத் தேர்வை முறையாக நடத்தியிருக்கலாம். இனி பட்டியல் போகாது. மாடியில் இருக்கும் வேலை யாரோ வெளியாளுக்குப் போய்விடும்.

சுவருக்குப் போய்வந்த அந்தக் கண்கள் இப்போதுதான் அவருக்கு உறைத்தன. அவளுக்குப் போன் போட்டார். மறுமுனையில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம்.

“அம்மா... என் சான்றிதழ்ல தேதி முடிஞ்சது உங்களுக்குத் தெரியுமா?”

“காலையில கண்ணாடி துடைக்கும்போது பார்த்தேன் சார். மூணு வருஷமாத் துடைக்கிறேன், தேதியைப் படிச்சது இன்னிக்குத்தான். நீங்க சொல்லிக்குடுத்த பழக்கம்தானே.”

சட்டத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

“என்னை மன்னிச்சிடுங்கம்மா. ஆனா, நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா உங்களுக்கு இந்த வேலை போயிருக்காதே?”

குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“நீங்க எல்லார் முன்னாடியும் சொல்லச் சொன்னீங்க. உங்ககிட்ட படிக்கிற பிள்ளைங்க முன்னாடி அதை எப்படி சார் சொல்றது?”