முடிவிலி அளவு

"இதை நாளைக்குப் பார்த்துக்கலாமே" என்றேன், முடிந்தவரை சாதாரணமாக.

என் மனைவி குடுவையின் மூடியை அழுத்தி, அதை வெந்நீர்த் தொட்டிக்குள் இறக்கினாள். தொட்டியின் சுவிட்சைப் போட்டாள்.

இருவருக்கும் ஒரே ஆய்வகத்தில் வேலை. வீட்டில் பேச்சு நின்று மாதக்கணக்காகிறது. என்ன சண்டை என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. இங்கே மட்டும் பேசுவோம். எடு, போதும், எவ்வளவு. அதுவும் பேச்சுதானே.

அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. சாயங்காலம் ரயில். நேற்று ராத்திரி வெட்கத்தை விட்டு அழுதே கேட்டேன், போகாதே என்று.

"யோசிக்கிறேன்" என்றாள்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்று சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

காலை முழுக்க, அமிலம் கலந்த தண்ணீரில் எஸ்டர் என்ற திரவம் சிதைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வப்போது நான் பிப்பெட்டில் கொஞ்சம் உறிஞ்சி ஐஸ் தண்ணீரில் விடுவேன். சிதைவது அப்படியே நின்றுவிடும். அவள் பியூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு தட்டியதும் குழாயை மூடுவாள். எஸ்டர் சிதையச் சிதைய அமிலம் கூடும்; நேரம் ஆக ஆகக் காரம் அதிகம் பிடிக்கும்.

ஒரு கைப்பிடி ஐஸில் நிற்கிறது பாருங்கள். வீட்டுக்கும் அப்படி ஒன்று உண்டென்றால் வண்டி வண்டியாக வாங்கிப் போட்டிருப்பேன்.

பாக்கி ஒரே ஒரு அளவு. எஸ்டர் மொத்தமும் சிதைந்த பிறகு எவ்வளவு காரம் பிடிக்கிறது என்பது. முடிவிலி அளவு என்போம். அது இல்லாமல் காலையில் எடுத்த எந்த எண்ணை வைத்தும் சிதைவின் வேகத்தைச் சொல்லும் மாறிலியைக் கணக்கிட முடியாது. குடுவையை மூடி நாளை வரை விட்டுவைக்கலாம். அவசரமென்றால் சூடாக்கி இன்றே முடிக்கலாம்.

அவளுக்கு அவசரம். ஆனால் எதையும் அரைகுறையாகப் போட்டுவிட்டுப் போகிறவள் அல்ல. அந்தத் தைரியத்தில்தான் அந்தக் கேவலமான வேலையைச் செய்தேன்.

அவள் கை கழுவப் போனதும் மூடியைத் தளர்த்தினேன். எஸ்டர் ஆவியாகிப் போனால் இந்தக் குடுவை எதற்கும் உதவாது. மறுபடி கலந்து சூடாக்குவதற்குள் ரயில் போய்விடும். இன்னும் ஒரு நாள். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

இத்தனை வருஷம் எஸ்டரோடு மாரடித்தவனுக்கு அதன் வாசனை மறந்துவிட்டது, சே! அறை முழுக்க நகப்பூச்சின் நெடி.

அவள் வாசலிலேயே நின்றாள். மூடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது.

சுவிட்சை அணைத்தாள். மேல் அலமாரியிலிருந்து, இறுக மூடிய இன்னொரு குடுவையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"ஏதாவது ஆச்சுன்னாலும் இன்னிக்கே முடியணும்னு, நேத்து காலையிலேயே இதே அளவுல ஒண்ணு கலந்து வச்சுட்டேங்க. இதுல பார்த்துடலாம்."

குரலில் கோபமே இல்லை. பியூரெட்டை நிரப்ப ஆரம்பித்தாள். நான் பிப்பெட்டை எடுத்தேன்.

நேற்றுக் காலை.

நான் அழுதது ராத்திரி.