ரெண்டு மேடை, ஒரே நம்பர்

“உண்மையைச் சொல்லுடா. நீ அவன் ஆளா?”

மைக்செட் பிரவீன்குமாரின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார் சுப்புராயன்.

பிடிக்காமல் என்ன செய்வார்? மேடை அவருடையது. பேனரில் கையை உயர்த்தி நிற்கிற படம் அவருடையது. ஸ்பீக்கரில் முழங்கிக்கொண்டிருந்த குரல் மட்டும் தீனதயாளனுடையது.

அந்தத் தீனதயாளன் பேசிக்கொண்டிருந்ததோ, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம், வேறொரு மேடையில்.

போன வருஷம்வரை ஒரே சங்கம்தான். மலை மக்கள் நில உரிமைச் சங்கம். கொள்கை வேறுபாட்டால் பிரிந்தோம் என்று இரண்டு பேரும் தனித்தனியாக நோட்டீஸ் போட்டார்கள். கூட்டத்தில் யார் கடைசியாகப் பேசுவது என்பதுதான் அந்தக் கொள்கை. தீனதயாளன் வெளியே போய் ‘மலை மக்கள் உண்மை நில உரிமைச் சங்கம்’ ஆரம்பித்தான். அவனுக்குப் பசை வாளி தூக்கவும், போலீஸ் வேனில் ஏறவும், மேடையில் நிற்கவும் கற்றுக்கொடுத்தவர் சுப்புராயன்.

நாளைக்குக் கலெக்டர் ஆபீசில் பட்டா பற்றிப் பேச்சுவார்த்தை. கரியாலூர்ப் பக்கத்து மலை ஜனங்கள் யாரைத் தங்களோடு அழைத்துப் போகிறார்களோ, அவர் சங்கம்தான் இனிமேல் சங்கம். இங்கே கேட்டுவிட்டு அங்கேயும் கேட்டு முடிவு செய்வோம் என்று தைலம்மாள் தலைமையில் மலையிறங்கி வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

வந்தவர்கள் இப்போது தீனதயாளன் குரலுக்குக் கைதட்டினார்கள்.

“‘உழுதவன் கையில காகிதம் இல்ல, காகிதம் வெச்சிருக்கறவன் உழுததே இல்ல!’ கேட்டியாடா? அது என் வரி! மூணாவது தபா ஜெயிலுக்குப் போறப்ப நான் எழுதினது!”

“ஐயா, காலரை வுடுங்க, சொல்றேன். வயர் இல்லாத மைக்கு ரேடியோ மாதிரிங்க, ஸ்டேஷன் நம்பர் வெச்சுதான் புடிக்கும். ரெண்டு மேடைக்கும் நம்ம செட்டுதான். ரெண்டும் ஒரே நம்பர்ல கீது. உங்க மைக்கு ஆஃப்ல இருந்தா அவரு குரலு இங்க வரும்.”

“இது தெரியாமதான் கடை வெச்சிருக்கியா?”

“ரெண்டு செட்டும் ஒரே நாள்ல வெளிய போனதே இல்லீங்க. வாங்கினப்போ இருந்த நம்பர் அப்படியே கீது.”

“சரி, வயர் மைக்கைக் கொண்டா.”

“நீங்கதான வேணாம்னீங்க? ‘அவன் மட்டும் வயர் இல்லாம நடந்து நடந்து பேசுவான், நான் இன்னா கட்டிப்போட்ட மாடா’ன்னு கேட்டீங்க.”

சுப்புராயன் காலரை விட்டார். கையிலிருந்த மைக்கின் பட்டனைத் தள்ளினார்.

“தோழர்களே...”

கர்ர்ர்ர்ர்.

அதே கர்ர்ர் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டது. ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“ரெண்டு மைக்கும் ஆன்ல இருந்தா அடிச்சிக்குங்க. ரெண்டு நிமிஷம் குடுங்க. இந்தச் செட்டு நம்பரை மாத்திட்டா ஆச்சு.”

“அதை மொதல்ல சொல்றதுக்கு இன்னா? மாத்து, மாத்து.”

பிரவீன்குமார் பெட்டியின் பட்டனில் விரலை வைத்தான்.

“நில்லு. மாத்தினா அவனுக்கும் சரியாயிடுமா?”

“ஆயிடுங்க. அவரு பேச்சு அங்க, உங்க பேச்சு இங்க. ரெண்டும் கண்ணாடி மாதிரி கேக்கும்.”

சுப்புராயன் யோசித்தார். மூன்று முறை சிறை போனவர். எதையும் யோசிக்காமல் செய்கிறவர் அல்ல.

“அப்ப தொடாத.”

“ஐயா?”

“தொடாதன்னு சொன்னேன். என் பேச்சு கேக்காட்டி போவுது. அவன் பேச்சு ஒரு வார்த்தை வெளிய வரக் கூடாது.”

பிரவீன்குமார் தலையைச் சொறிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டைக் கடந்து அந்த மேடைக்கு ஓடினான்.

சுப்புராயன் மைக்கை வாயோடு அணைத்து முழங்க ஆரம்பித்தார். வன உரிமை, கர்ர்ர். பரம்பரை நிலம், கர்ர்ர். உயிரைக் கொடுத்தாவது, கர்ர்ர். அந்தப் பக்கத்துக் கர்ர்ரும் ஓயவில்லை.

தைலம்மாள் எழுந்து சேலையை உதறினாள்.

“ஐயா, மலைக்குக் கடேசி பஸ்ஸு போயிடும். கெளம்பறோம்.”

“அப்ப நாளைக்கு?”

“நாங்களே போய்ப் பேசிக்கறோம். எங்க நெலம்தான? நாங்க பேசினா இந்தக் கர்ர்ராவது வராது.”

“கலெக்டர் முன்னாடி பேச உங்களுக்கு இன்னா தெரியும்?” என்று கேட்டார். மைக்கில் கேட்டதால் அதுவும் கர்ர்ர் என்றே விழுந்தது. மைதானத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரவீன்குமார் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, காலி நாற்காலிகளுக்கு முன்னால் சுப்புராயன் துண்டால் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அங்கயும் யாரும் இல்லீங்க. காலி.”

“ஒரு வார்த்தை பேச முடியல இல்ல அவனால?”

“முடியலீங்க. அவருகிட்டயும் கேட்டேன், உங்க செட்டு நம்பரையாவது மாத்தட்டுமா, ரெண்டு பேருக்கும் சரியாயிடும்னு.”

“இன்னா சொன்னான்?”

“‘சுப்புராயனுக்கும் சரியாயிடும்னா தொடாத’ன்னு சொல்லிட்டாருங்க.”

ஒரு வருஷமாக அந்தப் பெயரைக் கேட்டாலே எரிந்து விழுகிற சுப்புராயனின் முகம், முதல்முறையாகப் பெருமையில் மலர்ந்தது.

“சொல்லுவான்டா. யாரு வளத்த புள்ள!”