தங்கச்சி என்று அழைத்தவள்

“என்ன தங்கச்சி, என்னை அடையாளம் தெரியலையா?”

சபையில் இருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மண்டியிட்டுக் கிடந்த யிங்ஷுவுக்கு வயது பதினெட்டு. அந்தப்புரத்துக்கு வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவள் தங்கச்சி என்று கூப்பிட்டது ராணி தோங்கை! மற்ற ராணிகளெல்லாம் ‘அக்கா, அக்கா’ என்று நடுங்குகிற தோங்கை!

“கேட்டீங்களா பேரரசே?” என்று துள்ளி எழுந்தாள் தோங். “செத்துப்போன பெய் ராணி நான்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா. பெய் செத்த அன்னிக்குத்தான் இவ ஆத்துல விழுந்தாளாம். பிணம்னு பெட்டியில வச்சு மூடப் போறப்போ எழுந்து உட்கார்ந்தாளாம். இது சூனியம். இவ கையில வெள்ளைப் பட்டுத்துணியைக் கொடுத்து, தூக்குச் சுருக்கு மாட்டிக்கச் சொல்லுங்க!”

பேரரசர் ஜிங்ஷுவோ யிங்ஷுவையே உற்றுப் பார்த்தார். அவர் ஆசைப்பட்டு மணந்த ஒரே பெண் பெய்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன், எதிரி நாட்டுக்கு ரகசியக் கடிதம் எழுதினாள் என்று பழி வந்தது. அன்று மாலையே விஷத்தில் செத்துக் கிடந்தாள். கூட இருந்தது தோங் மட்டும்தான். “தப்பு பண்ணிட்டேன்னு தன் வாயாலயே சொல்லிட்டு, என் மடியில உயிரை விட்டா” என்று அழுதபடி சாட்சி சொன்னாள். ஜிங்ஷுவோ அதை நம்பினார். பெய்யின் தகப்பனாரான தளபதிக்கு விலங்கு பூட்டி, வடக்கு எல்லையில் கல் உடைக்க அனுப்பினார்.

“நீ பெய்தான்னு எப்படி நம்பறது?” என்று யிங்ஷுவைக் கேட்டார்.

“சாகும்போது அங்கே இருந்தது ரெண்டே பேர். நானும் இவளும். அங்கே நடந்ததைச் சொல்லட்டுமா?”

“சொல்லேன், கேட்போம்” என்று உதட்டைச் சுழித்தாள் தோங்.

யிங்ஷு அவள் பக்கம் திரும்பினாள்.

“தாமரை விதைக் கஞ்சி கொண்டுவந்து உன் கையால ஊட்டினே. ரெண்டாவது வாய்லயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. உன் கொண்டையைப் பிடிச்சு இழுத்து, ‘உன் வம்சமே விளங்காது’ன்னு மூணு தடவை கத்தினேன். நீ பயந்து நடுங்கி, ‘அக்கா, மன்னிச்சிடுங்க அக்கா’ன்னு மூக்கு ஒழுக என் காலைப் பிடிச்சு அழுதே. மறந்துட்டியா?”

அவ்வளவு பேர் நடுவே, சின்னப் பெண் ஒருத்தி வாயால் அதைக் கேட்டதும் தோங்கின் முகம் செக்கச் செவேலென்று ஆயிற்று.

“நானா? அவ காலைப் பிடிச்சேனா? பச்சைப் பொய்! கஞ்சி உள்ளே போனதுமே அவளுக்கு நாக்கு மரத்துப்போச்சு. கரையில போட்ட மீன் மாதிரி வாயை வாயைத் திறந்தா. ஒரு வார்த்தை வரலை! அவளாவது, கத்தறதாவது!”



ஜிங்ஷுவோ மெல்ல எழுந்தார்.

“ஒரு வார்த்தைகூட வரலையா தோங்? அப்போ, தப்பு பண்ணிட்டேன்னு சொன்னது எந்த வாய்?”

காவலர்கள் தோங்கின் இரண்டு கையையும் பிடித்தபோது, பெய் எழுதியதுபோல அந்தப் பொய்க் கடிதத்தை எழுதிக் கொடுத்தவன் பெயரைக்கூட அவளாகவே உளறிவிட்டாள். தளபதியை விடுதலை செய்யும் ஆணையோடு உச்சிப்பொழுதுக்குள் வடக்கே குதிரைகள் பறந்தன.

சடங்குத் துறை மந்திரி மட்டும் தாடியை உருவிக்கொண்டு முன்னால் வந்தார்.

“எல்லாம் சரி பேரரசே. ஆனா செத்தவ ஆவி இந்தப் பொண்ணு உடம்புல இருந்தா, சூனியத்துக்குத் தூக்குன்னு சட்டம் ஒண்ணு இருக்கே?”

யிங்ஷு தரையில் நெற்றி படக் கும்பிட்டாள்.

“ஆவியும் இல்லை, மறுபிறவியும் இல்லை தாத்தா. நான் லுவோ அதிகாரியோட மக யிங்ஷு. ஆத்துல விழுந்து பிழைச்சது நிஜம். மத்ததெல்லாம் நாடகம். நிஜம் வெளியே வரணும்னா, திமிர் பிடிச்சவங்க முன்னாடி ஒரு பொய்யைச் சொன்னாப் போதும். பொறுக்கமாட்டாங்க, திருத்திடுவாங்க.”

“அடி கெட்டிக்காரி!” என்று மந்திரி விழுந்து விழுந்து சிரித்தார். சபையும் சிரித்தது.

ஜிங்ஷுவோவால்தான் சிரிக்க முடியவில்லை. கூட்டம் கலைந்ததும் தோட்டத்தில், மஞ்சள் சாமந்திகளுக்கு நடுவே, அவளைத் தனியாக நிறுத்திப் பேசினார்.

“ஒரு நிமிஷம், நீ அவளாவே இருக்கக் கூடாதான்னு ஆசைப்பட்டேன்.”

“இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“மண்டி போட்டு மன்னிப்புக் கேட்டிருப்பேன். பேரரசன்னு பார்க்காம.” பெருமூச்சு விட்டார். “நீ பலே ஆள்தான். ஆனாலும் குருட்டாம்போக்குல கல்லை விட்டிருக்கே. பெய் நிஜமாவே கத்தியிருந்தா? தோங் ‘ஆமா, கத்தினா’ன்னு சொல்லியிருந்தா உன் கழுத்துல இல்ல சுருக்கு விழுந்திருக்கும்?”

யிங்ஷு அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, உதட்டில் சிரிப்பு.

“குருட்டாம்போக்கா? கத்த முடியாம அன்னிக்கு நான் என்ன பாடுபட்டேன்னு எனக்குத்தானே தெரியும்... எங்கே, மண்டி போடுங்க பார்க்கலாம்.”